கோப்பையைக் கீழே வைத்த ருதைனா

ருதைனாவின் அப்பாவுக்கு வலது முட்டியை எடுத்துவிட்டுப் புது முட்டி வைத்து நாலு வாரம் ஆகியிருந்தது. அது உலோக முட்டி. விமான நிலையத்தில் சோதனை வாசலைத் தாண்டினால் மணி அடிக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் அப்பாவை யாரும் திருடிக்கொண்டு போக முடியாது என்று ருதைனா சொன்னாள். அதற்கு அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

அப்பாவின் பெயர் ஹாயில். ஆனால் அரபு நாட்டு மலையூரான கரக்கில் யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. மூத்த மகன் நாயிஃப் பிறந்த நாளிலிருந்து அவர் எல்லோருக்கும் அபூ நாயிஃப்தான், அதாவது நாயிஃபின் அப்பா. இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஒரு பாட்டுப் பாடுவார். பத்து வயது ருதைனாவும் அந்த பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போவாள்.

இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். அவர் பாடுவதில்லை. வளைவு வந்தால் கண்ணை இறுக்கி மூடித் திறக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் அபூ நாயிஃப் எப்போது வருவார் என்று தினமும் ருதைனாவைக் கேட்டுத் துளைத்தார்கள்.

அவளுக்கே தெரியாத ஒன்றை அவள் எப்படிச் சொல்வாள்? பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் ஹைஸம், ஒரு பெரிய கோணமானியை அப்பாவின் காலருகே வைத்து அளப்பார். எழுபத்து நாலு டிகிரிதான் மடங்கியது. குறைந்தது தொண்ணூறு வேண்டும். ஆறாவது வாரம் டாக்டர் பார்க்கும்போது தொண்ணூறு வராவிட்டால், மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மயக்க மருந்து கொடுத்து, முட்டியை மடக்கிவிட வேண்டியிருக்கும்.

அதைக் கேட்டதிலிருந்து அப்பாவின் முகம் சுண்டிவிட்டது.

பயிற்சி செய்தால் மடங்கும். ஆனால் அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. தூக்கம் இல்லாததால் வலி இரண்டு மடங்கானது. வலி கூடியதால் ஹைஸம் காலைத் தொட்டாலே எரிந்து விழுந்தார். ஒருநாள் தலையணையைத் தூக்கி எறிந்தார். அது குளிருக்காக அறையில் வைத்திருந்த மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் விழப் பார்த்தது. யாரையும் அதட்டிப் பேசாத அப்பா இப்படி மாறியது ருதைனாவுக்குப் பொறுக்கவில்லை.

தூக்கம் வராததற்கு ஹைஸம் எல்லாம் விசாரித்தார். பகலில் தூங்குகிறீர்களா? வலி மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? காபி குடிக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு அப்பா, காலையில் ஒரே ஒரு கோப்பை, அதுவும் சின்னது என்று மார்பில் கைவைத்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது ஒன்றுதான்.

ஊரில் ஒருவர் படுத்தால் மற்ற எல்லோரும் எழுந்து பார்க்க வருவார்கள். அதுவும் பாதி ஊரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனவர் படுத்தால் கேட்கவா வேண்டும்? காலை பத்து மணிக்குத் தொடங்கினால் இரவுச் சாப்பாடு வரை வந்துகொண்டே இருப்பார்கள். வாழைப்பழம், பழரசம், மிட்டாய் டப்பா எல்லாம் வரும். ருதைனாவுக்கு மிட்டாய் டப்பாவில் புகார் எதுவும் இல்லை.

வந்தவர்களெல்லாம் தூக்கத்துக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் சோம்புத் தண்ணீர் என்றார். ஒருவர் ஆலிவ் எண்ணெயை உள்ளங்காலில் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். எல்லோரும் கையில் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

விருந்தாளிகளுக்குக் காபி ஊற்றுவது ருதைனாவின் வேலை. நாயிஃப் வெளியூரில் காலேஜில் இருந்தான். இடது கையில் நீண்ட மூக்குக் குடுவை, வலது கையில் குட்டிக் கோப்பைகள். ஏலக்காய் போட்ட கசப்புக் காபி. முதல் கோப்பையை வீட்டுக்காரர் குடிக்க வேண்டும். காபி நன்றாகத்தான் இருக்கிறது, நம்பிக் குடியுங்கள் என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகுதான் விருந்தாளிகளுக்கு. ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வந்தால் மறுபடி முதல் கோப்பை அப்பாவுக்குத்தான்.

ஒரு சனிக்கிழமை அப்பா உள்ளறையில் பயிற்சியில் இருந்தபோது மூன்று கூட்டம் வந்துவிட்டது. முதலில் வந்தவர் அபூ ஸனத். அப்பாவின் பெரியப்பா மகன். வெள்ளை மீசை, கணீர்க் குரல். ருதைனா குடுவையோடு விழித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பன் இல்லேன்னா நீதான் வீட்டுக்காரி. குடிச்சுட்டு ஊத்து" என்றார் அபூ ஸனத்.

ருதைனா குடித்தாள். பாகற்காயை மென்றதுபோல் முகம் கோணியது. அடுத்த கூட்டத்துக்கும் குடித்தாள். மூன்றாவதுக்கும் குடித்தாள். வீட்டுக்காரி என்ற பெருமையில், கேட்காமலேயே கூட இரண்டு குடித்தாள்.

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் திறந்த முதல் பாடவேளையிலேயே, பின்னங்களுக்கு நடுவே ருதைனா மேஜையில் கன்னம் வைத்துத் தூங்கிப்போனாள். டீச்சர் தட்டி எழுப்பினார். ராத்திரி தூங்கவில்லையா என்று கேட்டார். இல்லை டீச்சர், கண்ணை மூடினாலும் மூளை திறந்தே இருந்தது என்றாள் ருதைனா. வகுப்பு முழுக்கச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. 'கண்ணை மூடினாலும் மூளை திறந்தே இருக்கு' என்று அப்பா தினமும் காலையில் அம்மாவிடம் சொல்வார். இதே வார்த்தைகள்தான். ஐந்து கோப்பைக்கே இப்படி என்றால் அப்பா எத்தனை குடிக்கிறார்?

திங்கட்கிழமை எண்ணினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு மட்டும் பதினேழு.

அப்பாவிடம் சொன்னாள். அவர் நம்பவே இல்லை. அது ஒரு வாய்கூட இல்லையே, மரியாதைக்குக் குடிப்பதெல்லாம் காபியில் சேருமா என்றார். மறுநாள் அவள் அப்பாவின் கோப்பையில் ஒரே ஒரு சொட்டு விட்டாள். அவர் கோப்பையைத் திருப்பி நீட்டி, விருந்தாளிகள் முன்னாலேயே நிறைய ஊற்றச் சொன்னார். அவர்கள் போன பிறகு கோபமாகவே பேசினார்.

"நான் குடிக்காத காபிய நம்ம வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்கச் சொல்றியா? ஊர்ல தலை காட்ட வேணாமா?"

அம்மாவும் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான். வலியைத் தாங்கினாலும் தாங்குவேன், ஊர்ப் பேச்சைத் தாங்க மாட்டேன் என்றார் அப்பா. வந்தவர்கள் முன்னால் வலி இருப்பதாகவும் அவர் காட்டிக்கொள்வதில்லை. இறைவன் அருளால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பார். விருந்தாளிகளுக்கு நேரே பாதத்தை நீட்டுவது மரியாதை இல்லை என்று, உயரத்தில் வைக்க வேண்டிய காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாலைக்குள் கணுக்கால் வீங்கிவிடும்.

புதன்கிழமை முழுக்க ருதைனா யோசித்தாள். மரியாதைக்காகத் தூக்கத்தையே விடுகிறவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. மரியாதையை வைத்துத்தான் பேச வேண்டும். அப்போதுதான் போன வருஷம் அக்கா முறையான ஒருத்தியைப் பெண் கேட்டு வந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர், கொடுத்த காபியைக் குடிக்காமல் தரையில் வைத்துவிட்டார். ஒரு கோரிக்கையோடு வந்த விருந்தாளி அப்படித்தான் செய்வார். 'குடியுங்கள், உங்கள் காரியம் ஆயிற்று' என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை தொடமாட்டார். குடிக்காமலே அவர் எழுந்து போய்விட்டால் வீட்டுக்கே அவமானம்.

வெள்ளிக்கிழமை நாயிஃப் ஊருக்கு வந்திருந்தான். தொழுகை முடிந்து அபூ ஸனத்தும் இன்னும் எட்டுப் பேரும் வந்து, தரை மெத்தைகளில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். ருதைனா குடுவையை அண்ணன் கையில் திணித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள். சுற்றி வந்து முன்கதவைத் தட்டினாள்.

யார் என்று அப்பா கேட்டார். விருந்தாளி என்று பதில் வந்தது.

உள்ளே வந்து வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் சலாம் சொல்லிக் கைகொடுத்தாள். கடைசியாக அப்பாவுக்கும் கொடுத்தாள். பிறகு அபூ ஸனத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாயிஃப் அவளைத் தாண்டிப் போகப் பார்த்தான்.

"விருந்தாளின்னா விருந்தாளிதான். ஊத்துடா" என்றார் அபூ ஸனத்.

அப்பா முதல் கோப்பையைக் குடித்திருந்தார். ருதைனாவின் கைக்குக் கோப்பை வந்தது. அவள் அதை அப்படியே தனக்கு முன்னால் கம்பளத்தில் வைத்துவிட்டாள்.

ஒருவர் வாழைப்பழத்தைப் பாதி உரித்தபடி அப்படியே வைத்திருந்தார். அப்பாவின் காது சிவந்தது. விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"விருந்தாளிக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"உங்க முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கற வரைக்கும் நீங்க இந்தக் காபியக் குடிக்கக் கூடாது. அதான் என் காரியம்."

"வேற ஏதாச்சும் கேளு கண்ணு. சைக்கிள் கேட்டியே. நாளைக்கே வாங்கிரலாம்."

ருதைனா ஒரு வருஷமாகக் கேட்ட சைக்கிள் அது. நாயிஃப் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே 'எடுத்துக்கோ' என்றான். கோப்பையிலிருந்து வந்த ஆவி குறைந்துகொண்டிருந்தது.

"சைக்கிள் வேணாம்" என்றாள். பிறகு மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோய், தோன்றியதைச் சொன்னாள். "எல்லார்கிட்டயும் வலிக்கலேன்னு சொல்றீங்க. வலிக்குதுப்பா, எனக்குத் தெரியும். நீங்க தூங்கணும். எனக்கு ஆஸ்பத்திரின்னா பயமா இருக்கு."

சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கோப்பையைத் தொடவில்லை.

அப்பா தன் முட்டியைப் பார்த்தார். பிறகு, நாலு வாரத்தில் முதல் முறையாக, விருந்தாளிகள் முன்னால் உண்மையைச் சொன்னார்.

"வலிக்கத்தான் செய்யுது. ராத்திரியெல்லாம் உயிர் போகுது." தலையை நிமிர்த்தினார். "குடிம்மா. உன் காரியம் ஆச்சு."

ருதைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். ஆறிய காபி இன்னும் மோசமாகக் கசந்தது. போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை ஆட்டி அண்ணனிடம் கொடுத்தாள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. காரியம் முடித்த ஒரு விருந்தாளிக்குச் சொல்வதுபோல் வாழ்த்துச் சொன்னார்கள்.

இனி முதல் கோப்பையை யார் குடிப்பது என்று ஒருவர் மெல்லக் கேட்டார். அபூ ஸனத் மீசையைத் தடவினார்.

"முட்டி மடங்கற வரைக்கும் இந்த வீட்டுக்கு நான் வீட்டுக்காரன். நான் இல்லாதப்ப வர்றவங்கள்ல மூத்தவன் குடிப்பான். யாராச்சும் வாய் பேசினா என்கிட்ட வரட்டும். நீ காலத் தூக்கித் தலையணை மேல வை, அபூ நாயிஃப். உன் பாதத்தப் பாத்து எவனும் இங்க செத்துர மாட்டான்."

அப்பா காலைத் தூக்கி வைத்தார். 'அப்பாடா' என்று அவர் விட்ட மூச்சு சமையலறை வரை கேட்டது.

முதல் ராத்திரி ஒன்றும் மாறவில்லை. தலைவலி வேறு சேர்ந்துகொண்டது. காபியை விட்டால் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்றார் ஹைஸம். உண்மைக் கணக்கைக் கேட்டபோது அவர் தன் தலையில் கைவைத்துக்கொண்டார். பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட வேண்டும் என்று மறுபடி சொன்னார். இந்த முறை அப்பா விருந்தாளிகள் இருந்தாலும் கூச்சப்படாமல் போட்டுக்கொண்டார்.

நாலாம் நாள் அப்பா விடியும்வரை தூங்கினார். அம்மா இரண்டு முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாராம். அதற்காக வலி ஓடிப்போய்விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் மடக்கினார். ஆனால் மடக்கினார். எண்பத்தொன்று. எண்பத்தைந்து. எண்பத்தெட்டில் மூன்று நாள் அடம்பிடித்து நின்றது. ருதைனாவுக்கு நகம் எல்லாம் தீர்ந்துபோனது.

ஆறாவது வாரம் டாக்டர் அளந்தபோது தொண்ணூற்றிரண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், இப்படியே போனால் இன்னும் சில வாரத்தில் பஸ் ஓட்டலாம் என்றார்.

சேதி அவர்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் வாழ்த்துச் சொல்லப் பதினோரு பேர் வந்தார்கள். வாக்குப்படி தடை நீங்கியிருந்தது. ஆனாலும் அப்பா தன் கையாலேயே குடுவையை அபூ ஸனத் பக்கம் தள்ளி, நீங்களே குடியுங்கள் அண்ணே, எனக்குத் தூக்கம் பழகிவிட்டது என்றார். அபூ ஸனத் குடித்துவிட்டு, தன் பழைய ஒட்டகக் கதை ஒன்றைத் தொடங்கினார். ஒட்டகம் கிணற்றருகே வருவதற்குள் ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது.

அம்மா பதறிப்போய் எழுப்ப ஓடினார். விருந்தாளிகள் இருக்கும்போது வீட்டுக்காரர் தூங்குவதா? அபூ ஸனத் வாயில் விரலை வைத்து அவரைத் தடுத்தார். பதினோரு பெரிய மனிதர்களும் கோப்பைகளைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோல் ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

ருதைனா கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தாள். அப்பாவின் முட்டி நன்றாக மடங்கியிருந்தது. வாய் அதைவிட நன்றாகத் திறந்திருந்தது.