பேர் கூப்பிட்டு ஏறிய லாரி

பதிவில் வெட்டிய இடத்தில் இரண்டு நொடி மௌனம்தான் விட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி ஓட்டிப் பார்த்தபோது அது ஒன்பது நொடி இருந்தது.

அறிவுமதி ஹெட்ஃபோனைக் கழற்றிக் காதைத் துடைத்து, மறுபடி மாட்டினாள். ஒன்பதேதான். கணினித் திரையில் ஒலிக்கோடு தட்டையாகக் கிடந்தது. காதில் மட்டும், ஆழத்தில் கிடக்கும் தண்ணீர் பாறையில் மெல்ல மோதித் திரும்புகிற சத்தம், பழைய கேசட்டின் இரைச்சலுக்கு அடியில், கூர்ந்து கேட்டால் ஒழியப் பிடிபடாதபடி ஓடிக்கொண்டிருந்தது. மூடிய ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன். அறைக்குள் பாசி வாடை. மொட்டை மாடித் தொட்டியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்தது அவள் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகம். பெயர்தான் பெரிசு, உள்ளே இருந்ததெல்லாம் போராட்டச் சாமான்கள். சுவரொட்டிகள், துண்டறிக்கைகள், வீதி நாடகத்துக்குப் போட்ட முகமூடிகள், ரத்தம் தெறித்த ஒரு பேனர், பெட்டி பெட்டியாக ஒலிநாடாக்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஊராரைக் கூப்பிட்டு அதில் ஒன்றைக் காட்டுவார்கள், அல்லது கேட்கவைப்பார்கள். இந்த முறை தொண்ணூற்று நான்காம் வருடத்துக் கேசட்.

அந்த வருடம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியை எதிர்த்து மறியல் நடந்தது. தடியடி, ஓட்டம். தப்பியவர்கள் லாரியில் ஏறுமுன் சங்கப் பொறுப்பாளர் சடையன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். உரியவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் லாரி நகராது. அது அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. டேப் ரெக்கார்டரை அணைக்க யாரோ மறந்ததில் அது முழுக்கப் பதிவாகியிருந்தது.

மொத்தம் இருபத்து மூன்று பெயர். இருபத்திரண்டாவது காசி. கடைசிப் பெயர் அப்பாதுரை, அறிவுமதியின் அப்பா. அந்த இரண்டு "இருக்கேன்"னும் ஒரே ஆளின் குரல்.

காசி மூன்றாம் நாள் குவாரிக் குட்டையில் மிதந்தார். லாரியில் ஊருக்கு வந்தவர்தான், குடித்துவிட்டுத் திரும்பப் போய் விழுந்திருக்கிறார் என்று பேசி முடித்துவிட்டார்கள். கூட வந்ததாகச் சாட்சி சொன்னவர் அப்பாதுரை.

இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, கேட்டேவிட்டாள். "காசி மாமா பேருக்கு யாருப்பா பதில் சொன்னது?"

அப்பா டீயை ஆற்றினார். ஆறிப்போன பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"போலீசு வேன் வெளிச்சம் தெரிஞ்சுது. நின்னிருந்தா அத்தினி பேரும் உள்ள போயிருப்போம். எப்டியாச்சும் நடந்து வந்துடுவான்னு நெனச்சேன். கால் ஒடஞ்சு கெடந்தான்னு அப்புறந்தான் சொன்னாங்க." டம்ளரைக் கீழே வைத்து, "அந்தக் கேசட்ட போடாதம்மா," என்றார்.

போடாமல் இருக்கவும் வழியில்லை. காசியின் மனைவி ரேணுகாம்பாள் அடி அண்ணாமலையிலிருந்து போன் செய்திருந்தாள். "அவரு குரலு அதுல இருக்குதாமே. ஒரு தபா கேட்டுட்டுப் போயிடறேம்மா." கேட்டால் ஒரே சொல்லில் கண்டுபிடித்துவிடுவாள், அது புருஷன் குரல் இல்லை என்று. அதே மேடையில் அப்பாவுக்குப் பொன்னாடை வேறு. அதனால்தான் அறிவுமதி அந்த ஒரு பதிலை மட்டும் வெட்டினாள். நாடா தேய்ந்துபோனது என்று சொல்லிவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். தன் தொழிலுக்கே துரோகம் என்றும் தெரியும். ஆனால் அப்பாவாயிற்றே.

சனிக்கிழமை அந்த மௌனம் முப்பத்தோரு நொடி. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே ஒரு கல் உருண்டு விழுந்தது. யாரோ எதையோ பிடித்து ஏறப் பார்த்து, வழுக்கி, மூச்சுவாங்கி, மறுபடி பிடித்தார்கள். கணினியில் இருந்ததை அழித்துவிட்டு அசல் கேசட்டையே எடுத்துப் போட்டாள். அதில் அவள் எதையும் வெட்டவில்லை. அதிலும் அந்தப் பதில் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

"நாளைக்கு வேணாம், தள்ளி வெச்சுக்கலாம்," என்றாள், மைக் செட் போடும் மாறனிடம்.

"போஸ்டர் ஒட்டியாச்சுங்க. வேன் பேசி வர்றாங்க. இன்னாத்துக்கு இப்போ?"

இருபத்தொன்றாவது பெயரோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஞாயிறு மாலை ஐந்து மணி. அறுபது பிளாஸ்டிக் நாற்காலியும் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பொன்னாடையோடு அப்பா. பக்கத்திலேயே ரேணுகாம்பாள், யாரோ மரியாதைக்கு உட்காரவைத்திருந்தார்கள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சடையனின் கரகரத்த குரல் எழுந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "இருக்கேன்". கூட்டத்தில் சிலர் தங்கள் பழைய குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். பத்தொன்பது. இருபது. அறிவுமதி பொத்தானில் விரலை வைத்தாள். இருபத்தொன்று. ரேணுகாம்பாள் கண்ணை மூடி, முந்தானையைப் பிடித்தபடி, ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்திருந்தாள். முப்பது வருடமாகக் காத்திருந்த முகம். விரல் அழுந்தவில்லை.

"காசி."

தண்ணீர்.

யாரும் அசையவில்லை. பாசி வாடை அறையை நிறைத்தது. கல் உருண்டது. மூச்சு. கிட்டே. இன்னும் கிட்டே.

"இருக்கேன்."

தண்ணீர் நிரம்பிய வாயிலிருந்து வந்த குரல்.

"அவருதான்," என்றாள் ரேணுகாம்பாள்.

அறிவுமதிக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"அப்பாதுரை."

பதில் இல்லை. இதை அவள் வெட்டவில்லை.

"அப்பாதுரை."

கேசட்டில் ஒருமுறைதான் கூப்பிட்டிருந்தார். சடையன் இறந்து பதினோரு வருடமாகிறது.

முன்வரிசையில் அப்பா வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

"அப்பாதுரை."

"இருக்கேன்," என்றது அதே ஈரக் குரல். ஸ்பீக்கரிலிருந்து அல்ல. அப்பாவின் வாயிலிருந்து.

"எல்லாம் வந்தாச்சு. வண்டிய எடு," என்றது சடையனின் குரல்.

ஸ்பீக்கரில் லாரி உறுமியது. நகர்ந்தது. அதன் பின்னால் செருப்பில்லாத கால்கள் சரளையில் ஓடின.

"நிறுத்துங்கடா. நான் ஏறல. நான் இன்னும் ஏறல."

தொண்ணூற்று நான்காம் வருடத்துக் குரல் இல்லை. இன்று காலையில் பிரஷர் மாத்திரை எங்கே என்று அப்பா கேட்ட குரல். கால் தடுக்கியது. பிறகு விழுந்த சத்தம்.

அப்பாவின் நாற்காலியில் இருந்தவர் பொன்னாடையை ஆச்சரியமாகத் தடவினார். தன் சுருங்கிய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே நின்ற அறிவுமதியை யார் வீட்டுப் பெண்ணோ என்பதுபோல் பார்த்துவிட்டு, பக்கத்தில் திரும்பினார். வாயோரம் தண்ணீர் வழிந்தது.

"இன்னாடி ரேணு, இப்டி நரைச்சுட்ட?"

ரேணுகாம்பாள் அவர் பிடித்த கையை விலக்கவில்லை.

கேசட் முடிந்து சுருள் நின்றுபோயிருந்தது. ஸ்பீக்கர் மட்டும் ஓயவில்லை. மாறன் ஸ்விட்சை அணைக்கப் போனான். அறிவுமதி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அறிவு," என்றது ஸ்பீக்கர், வெகு ஆழத்திலிருந்து. "இருட்டா இருக்குதும்மா. கால ஊன முடியல. தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு."