வெளிக்காற்றில் வந்தவன்

மைனஸ் முப்பத்து நாலு டிகிரியில் எதற்கும் வாசனை கிடையாது. மாட்டுச் சாணம் கல்லாகக் கிடக்கும். டீசல்கூட மூக்கில் ஏறாது. மூக்கின் உள்மயிரே உறைந்து குத்தும்போது எதைப் போய் முகர்வது? கனடாவின் சஸ்காட்சவானில் பிறந்து வளர்ந்த டேரன் யாரெம்கோவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அந்த ஜனவரி மத்தியானம், ரெஜைனா நகரத்திலிருந்து டயப்பர் மூட்டைகளோடு பிக்கப் வண்டியில் திரும்பும்போது, ஹீட்டர் காற்றோடு ஒரு நாற்றம் கலந்து வந்ததும் முதலில் அவன் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்தது. மூளை அதற்குப் பிறகுதான் யோசித்தது.

பக்கத்தில் அவன் மனைவி ஷெல்பி, எட்டரை மாத வயிற்றின் மேல் சிப்ஸ் பாக்கெட்டை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது.

"நீயா?"

"நான் இல்ல."

"பொய் சொல்லாத. காலையில அந்த வினிகர்ல ஊறவச்ச முட்டைய நாலு முழுங்கினப்பவே நெனச்சேன்."

"சத்தியமா நான் இல்ல ஷெல்பி. வெளிய இருந்து வருது."

"வெளிய என்ன இருக்கு? பனிதான் இருக்கு." அவள் மூக்கைச் சுருக்கி மறுபடி இழுத்துப் பார்த்தாள். "பன்னிக் கொட்டகை மாதிரி இருக்கு. யாராவது வயலுக்கு எரு அடிக்கிறாங்களா?"

"ஜனவரியிலயா? தரை ஆறடிக்கு உறைஞ்சு கெடக்கு."

"அதோட இன்னொண்ணும் இருக்கு. இனிப்பா. குழந்தைங்களுக்குத் தெளிப்பாங்களே, அந்த கொலோன் சென்ட்டு மாதிரி."

டேரன் கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினான். வெளிக்காற்றை அடைத்துவிட்டு, வண்டிக்குள் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் பொத்தான். நாற்றம் கத்தியால் நறுக்கினாற்போல் நின்றது.

ஆனால் எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில் அந்தப் பொத்தானை யாரும் தொடமாட்டார்கள். இரண்டு பேரின் மூச்சு போதும், கண்ணாடி குருடாகிவிடும். இரண்டு நிமிடத்தில் முன்கண்ணாடியின் ஓரங்களிலிருந்து வெண்மை ஊர்ந்து நடுவுக்கு வந்தது. கையுறையால் துடைத்தான். துடைத்த இடம் அப்படியே பனிப்பூவாக உறைந்தது. சாலை தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பொத்தானை விடுவித்தான்.

அது காத்திருந்தது போல உடனே உள்ளே வந்தது.

அப்போது வண்டி தபால் பெட்டிகளைக் கடந்துகொண்டிருந்தது. பண்ணைக்காரர்களுடைய பதினோரு பெட்டிகள், ஒரே கட்டையில் வரிசையாக.

"இங்கதான அந்த ரோடெல்..." என்றாள் ஷெல்பி.

"ஆமா."

"பாவம். வர்ற வாரத்தோட ஒரு வருஷம் ஆகுது."

பெட்டிகள் பின்னால் போனதும் நாற்றம் போய்விட்டது. ஷெல்பி சிப்ஸுக்குத் திரும்பினாள். டேரன் பெட்டிகள் மறையும்வரை பின்பார்வைக் கண்ணாடியையே பார்த்தான்.

ரோடெல் மனன்சலா பிலிப்பைன்ஸிலிருந்து வந்து பன்றிக் கொட்டகையில் வேலை செய்தவன். அந்த வேலையின் நாற்றம் குளித்தால் போகிற நாற்றம் அல்ல, தோலுக்குள் குடியேறிவிடும். அவனுக்கே அது கூச்சம். ஊரிலிருந்து வரவழைத்த குழந்தை கொலோனை மேலெல்லாம் தெளித்துக்கொள்வான். சேர்ந்து வருகிற கலவை இன்னும் மோசம். இரண்டு வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஒருநாள் டேரன் அவனுக்கு லிஃப்ட் கொடுத்தான். வழியெல்லாம் ரோடெல் தன் மகளைப் பற்றியே பேசினான். அவன் கனடா வந்த பிறகு பிறந்தவள், இன்னும் கையில் தூக்கியதில்லை என்றான். நல்லவன்தான். ஆனால் இருக்கையைக் கழுவி, காயவைத்து, மறுபடி கழுவியும் ஒரு வாரம் வண்டி நாறியது. "அடுத்த தடவ அவன பின்னால சாமான் ஏத்துற இடத்துல ஏத்து" என்று ஷெல்பி விழுந்து விழுந்து சிரித்தாள்.

போன ஜனவரியில் டேரன் புது பிக்கப் வாங்கினான். வாங்கிப் பதினோராம் நாள். புது இருக்கையின் மணம்கூட மாறவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, மைனஸ் முப்பத்தெட்டில், நின்றுபோன தன் காருக்கு ஒரு மைல் இந்தப் பக்கம், ரோடெல் தபால் பெட்டிகளின் அருகே நடந்துகொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் கையைத் தூக்கினான்.

மண்சாலையில் எதிரே யார் வந்தாலும், தெரிந்தவனோ தெரியாதவனோ, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது எங்கள் பக்கத்து மரியாதை. தூக்காதவனை ஊரில் பேசிக்கொள்வார்கள்.

டேரன் விரலைத் தூக்கினான். போய்விட்டான்.

அவன் வணக்கம் சொன்னான், நானும் சொன்னேன். இதைத் தனக்குத்தானே ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். மறுநாள் காலை பனி தள்ளுகிற வண்டிக்காரன்தான் உறைந்து பிணமாகக் கிடந்த ரோடெலைக் கண்டுபிடித்தான். அந்த வழியில் யாராவது போனார்களா என்று போலீஸ் விசாரித்தபோது டேரன் வாயைத் திறக்கவில்லை. ஷெல்பியிடமும் சொல்லவில்லை.

நாற்றம் வந்ததற்கு மறுநாள் டேரன் வண்டியை எமிலிடம் கொண்டுபோனான். எமில் ஊரின் ஒரே மெக்கானிக். டாஷ்போர்டில் பொருட்கள் வைக்கிற சிறு பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் காட்டினான்.

"எலிக்கூடுன்னு நெனச்சேன். நம்ம ஊர்ல பாதி வண்டியில எலிதான் குடும்பம் நடத்துது. இது என்னடான்னா என் பல்லவிட சுத்தமா இருக்கு."

"உன் பல்லு மாதிரின்னா எனக்கு பயமா இருக்கு."

"சிரிப்பு இருக்கட்டும், இங்க வா." எமில் முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்களுக்குக் கீழே இருந்த சல்லடைத் தட்டைத் தட்டிக் காட்டினான். "வெளிக்காத்து வண்டிக்குள்ள போறது இது வழியாதான். வேற வழி கிடையாது. நாத்தம் வருதுன்னா, நாறுற சங்கதி இங்க மூஞ்சிய வச்சிக்கிட்டு இருக்கணும்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். டேரன் சிரிக்கவில்லை.

அடுத்த பத்து நாளில் நாற்றம் இடம் மாறியது. முதலில் பெட்டிகளுக்கு அரை மைல் முன்பே தொடங்கியது. பிறகு ஒரு மைல். பிறகு அதற்கும் முன்னால் வருகிற பாலத்திலிருந்து. டேரன் பொத்தானை அழுத்திவிட்டு, கண்ணாடி மூடாமலிருக்க ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி ஓட்டினான். இடது காது உறைந்து தோல் உரிந்தது. ஷெல்பி கேட்டதற்கு வேலியில் உரசிவிட்டது என்று ஒரு பொய்.

பதினெட்டாம் தேதி, எஞ்சின் உறையாமலிருக்கச் செருகிய கரண்ட் ஒயரைப் பிடுங்க முற்றத்துக்குப் போனான். நிற்கிற வண்டியைச் சுற்றி ஒன்றுமில்லை. உள்ளே உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டான்.

இருந்தது.

வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஷெல்பிக்குப் பனிக்குடம் உடைந்தது. பதின்மூன்று நாள் முன்னதாக. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, ரெஜைனாவுக்குத்தான் போக வேண்டும். ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. வெளியே காற்று பனியைத் தரையோடு வாரி அடித்துக்கொண்டிருந்தது. மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது, சாலையைத்தான் காணவில்லை.

"உன்னால ஓட்ட முடியுமா?"

"ஓட்டிருவேன்."

"முடியலன்னா இப்பவே சொல்லு டேரன். சமையலறையில பெத்துக்கறேன். நடுரோட்டுல என்னால முடியாது."

"ஓட்டிருவேன்னு சொல்றேன்ல!"

வாசலைத் தாண்டுமுன் நாற்றம் உள்ளே நிறைந்தது. இதுவரை இல்லாத அளவுக்கு. கண் எரிந்தது. ஷெல்பி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மூன்றாம் முறை எடுக்க எதுவுமில்லாமல் வெறுமனே குமட்டினாள். "அத நிறுத்தேன்! மூச்சு விட முடியல!" என்று கத்தினாள். டேரன் பொத்தானை அழுத்தினான். நாற்றம் நின்றது. அவள் மூச்சு வாங்கினாள், வலியில் முனகினாள், அந்த மூச்சிலேயே கண்ணாடி வெளுத்தது. ஜன்னலை இறக்கினான். பனித்தூள் பறந்து வந்து அவள் முகத்தில் அடித்தது. ஏற்றினான். கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டது.

திறந்தால் அவளுக்கு மூச்சில்லை. மூடினால் அவனுக்குக் கண்ணில்லை.

வலது சக்கரம் மெத்தென்ற பனியில் இறங்கியது. இன்னும் ஒரு அடி போனால் பள்ளம். டேரன் வண்டியை நிறுத்தினான்.

எங்கே நிற்கிறோம் என்று அவன் பார்க்கத் தேவையில்லை.

"ஏன் நிறுத்தின? டேரன், போ!"

"ஒரே நிமிஷம்."

இறங்கினான். காற்று முகத்தை அறைந்தது. பத்தடியில் பெட்டிகள். மனிதர் யாருமில்லை, வாசனையும் எதுவுமில்லை. சுத்தமான வெறும் குளிர். அவன் வண்டியின் முன்பக்கம் போய், கண்ணாடி அடியில் சல்லடைத் தட்டின் பக்கம் குனிந்தான்.

அங்கே மட்டும் இருந்தது.

பானெட் முழுக்கப் பனித்தூள் படிந்திருந்தது. தட்டுக்கு நேர் மேலே ஒரு முக அகலத்துக்கு மட்டும் பனி படியவில்லை. விழுகிற தூளெல்லாம் எதன் மேலோ பட்டு விலகிப் போனது.

உள்ளே ஷெல்பி அலறுவது கேட்டது. அவளையும் பிள்ளையையும் இங்கேயே தொலைத்துவிடுவோம் என்று அவன் உண்மையாகவே நம்பினான். அந்தப் பயத்தில் ஒரு வருடமாகச் சொல்லிவந்த பொய்யெல்லாம் கழன்று விழுந்தது. பின்னிருக்கைக் கதவை முழுக்கத் திறந்தான்.

"ஏறிக்க."

காற்று ஊளையிட்டது.

"ரோடெல், நான் பாத்தேன். நீ எதுக்குக் கை தூக்கினன்னு எனக்குத் தெரியும். ஏறுப்பா. கொண்டுபோய் விடறேன்."

வண்டி மெல்ல ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. கனமான ஆள் ஒருவர் ஏறி உட்காரும்போது தாழ்கிற அளவுக்கு.

டேரன் கதவைச் சாத்தினான்.

ஏறி உட்கார்ந்து பொத்தானை விடுவித்தபோது வெளிக்காற்று வெறும் காற்றாக வந்தது. கண்ணாடி நடுவிலிருந்து ஓரம்வரை தெளிந்தது. ஷெல்பி கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட பேசின?" என்று கிசுகிசுத்தாள்.

அவன் கியரைப் போட்டான்.

ரெஜைனா வரும்வரை இரண்டு பேரும் பின்பக்கம் திரும்பவில்லை.

பெண் குழந்தை. மூன்று கிலோ இருநூறு. நன்றாக அழுதது. டேரனும் நர்ஸ்கள் எதிரிலேயே அழுதான். அன்று சாயங்காலம் குழந்தை தூங்கிய பிறகு ஷெல்பி கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னிக்கி நீ அந்த வழியா வந்தியா?"

"வந்தேன்."

"அவன் உயிரோட இருந்தானா?"

"நடந்துக்கிட்டு இருந்தான். கையத் தூக்கினான். வண்டி நாறிடும்னு... நான் நிறுத்தல."

அவள் திட்டினால்கூடத் தாங்கியிருப்பான். "சாமான் ஏத்துற இடத்துல ஏத்துன்னு நான்தான சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. டேரன் அந்தத் தோளில் கைவைத்தான். அவள் தள்ளிவிடவில்லை. வெட்கமும் துக்கமும் இருந்தாலும், ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவனுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம், முடிந்தது என்று நினைத்தான். கொண்டுபோய் விடுகிறேன் என்றானே தவிர, எங்கே என்று அவனும் சொல்லவில்லை, வந்தவனும் கேட்கவில்லை. அது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் வீடு திரும்பினார்கள். வெயிலில் கண் கூசியது. வெளிக்காற்றை முழு வேகத்தில் வைத்து ஓட்டினான். பாலம் வந்தது, பெட்டிகள் வந்தன, போயின. குளிரைத் தவிர எதுவும் உள்ளே வரவில்லை. பின்னிருக்கையில் குழந்தை சத்தமில்லாமல் தூங்கியது. அதன் பக்கத்து இருக்கை காலி.

"போயிட்டான்" என்றான் டேரன்.

ஷெல்பி தலையாட்டினாள்.

வீட்டில் சோஃபாவில் சாய்ந்து, குழந்தையின் கம்பளித் தொப்பியைக் கழற்றி, ஷெல்பி அதன் உச்சியை முகர்ந்தாள். முகம் மலர்ந்தது. அப்படியே நின்றது.

"ஆஸ்பத்திரில இவளுக்கு என்ன தெளிச்சாங்க?"

"ஒண்ணும் இல்லயே. வாசனையே இல்லாத சோப்புன்னுதான சொன்னாங்க."

அவள் குழந்தையை நீட்டினாள். டேரன் வாங்கி உச்சியில் மூக்கை வைத்தான். பிறந்த குழந்தையின் மணம், கொஞ்சம் பால். வேறு எதுவுமில்லை. கழுத்தடியில் பார்த்தான். உள்ளங்கையில் பார்த்தான். ஒன்றுமில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தான்.

குழந்தை கண் திறக்காமலேயே கொட்டாவி விட்டது.

முதலில் இனிப்பாக, கொலோன் போல. அதற்கு அடியில் மற்றது, கதகதப்பாக.

வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. டேரன் அசையாமல் நின்று, அந்தச் சின்ன வாயருகே முகத்தை வைத்துக் காத்திருந்தான்.

மூச்சு உள்ளே போனது. எந்த வாசனையும் இல்லை.

மூச்சு வெளியே வந்தது.