சூடாகத் திரும்பிய தண்ணீர்

மழையில் தொப்பலாக நனைந்து, கட்டுப்பாட்டு அறையின் பளபளத் தரையெல்லாம் சேற்றுக் காலடி பதித்தபடி வந்து நின்றவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அவன் கண்களைப் பார்த்தாள்... சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கோபத்தில்கூட இரண்டு கண்கள் இவ்வளவு அழகாக இருக்குமா என்ன? சே, வேலையைப் பாரடி!

"எங்க சூட்டையெல்லாம் பிடுங்கிக்கிறது நீங்கதானா?" என்றான்.

"உக்காந்து திட்டலாமே... துண்டு தரட்டுமா?"

அவன், குளிர் மிகுந்த அந்த ஊரின் சுடுநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். அவள், நிலக்கரியை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் ஆலையின் எஞ்சினியர். மின்சாரம் போக மிஞ்சும் சூடு, சுடுநீராக வீடுகளுக்குப் போய் அறைகளைக் கதகதப்பாக்கிவிட்டு, ஆறித் திரும்பிவரும். இப்போது அந்த வாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துப் பிடித்து வைக்கும் புதுப் பிரிவு ஒன்று வந்திருந்தது. அது அவள் பொறுப்பு. அதற்கும் நீராவி வேண்டும்; அதனால்தான் வீடுகளில் சூடு குறைந்துவிட்டது என்பது அவன் புகார்.

அவள் திரையைக் காட்டினாள். ஆறித் திரும்பவேண்டிய தண்ணீர் சூடாகவே வருகிறது... அந்த ஆறிய தண்ணீர் வந்தால்தான் புதுப் பிரிவின் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி ஊருக்கே கொண்டுபோகும். அதனால் குறை உங்கள் குழாயில்தான் என்றாள். என் குழாயைக் குறை சொல்ல இன்னும் ஒருத்தர் பிறக்கவில்லை என்று அவன் துண்டை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான்!

மறுநாள் துண்டைத் திருப்பித்தர வந்தான். அடுத்த நாள் சும்மாவே வந்தான். வந்து சண்டைதான் போட்டான்... ஆனால் அவன் வர நேரமானால் இவள் கண் கதவுக்கே போனது.

திங்களன்று தொடங்கிய சோதனை ஓட்டம் வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் பிரிவை மூடிவிட்டு அவளை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அவள் அதை அவனிடம் சொல்லவில்லை... ரோஷம்! பக்கத்து நாற்காலி ஆபரேட்டர் அண்ணன்தான் வியாழனன்று அவனிடம் போட்டு உடைத்தார்.

அன்று மாலை அவள் வீட்டில், அறை சூடாகவில்லை என்று அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு போனில் அவனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையில், "சரிங்க ஐயா... சரிங்க ஐயா..." அவளுக்குப் பொறுக்கவில்லை. அவரைத் திட்டாதீங்கப்பா என்று போனைப் பிடுங்கி வைத்தாள். அப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவன் மறுநாள் விடிந்ததும் தெருத்தெருவாகப் போனான். போன மாதம், காலையில் சீக்கிரம் சூடு ஏறட்டும் என்று, ஏழு தெருமுனைகளிலும் குறுக்கு வால்வைத் தானே ஒரு சுற்றுத் திறந்துவிட்டிருந்தான். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு... பாதித் தண்ணீர் வீடுகளை எட்டியும் பார்க்காமல் நேரே ஆலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏழையும் மூடினான்.

மதியம் தண்ணீர் ஆறி வந்தது. ஆனால் நான்கு நாள் கணக்கு கெட்டது கெட்டதுதானே? மேலாளர் மாற்றல் உத்தரவை எடுத்த நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. தவறு என்னுடையது, பிரிவின்மேல் பழியில்லை என்று அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். சோதனைக்கு இன்னும் ஒரு வாரம் கிடைத்தது. அடுத்த மாதம் அவனுக்கு வரவிருந்த ஃபோர்மேன் பதவி போயிற்று.

தூறலில், தெருமுனையில் குழாயோடு மல்லாடிக்கொண்டிருந்தவனைப் பிடித்தாள்.

"சத்தமில்லாம மூடிட்டுப் போயிருக்கலாமே... யாருக்குத் தெரியப் போகுது?"

"தண்ணி சரியாயிருக்கும். உங்களைத்தான் அனுப்பியிருப்பாங்க."

"அனுப்பினா உங்களுக்கென்ன?"

அவன் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"பதவி இன்னொரு தடவை வரும்ங்க. நீங்க போயிட்டா... நான் யார்கூட சண்டை போடுவேன்? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. துண்டு குடுத்த அன்னிக்கே பிடிச்சுப்போச்சு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"இதையும் மேலாளருக்கு எழுதிக் கொடுத்துட்டீங்களா?"

"இல்லைங்க... உங்ககிட்ட மட்டும்தான்." தயங்கினான். "அடுத்த வாரமும் தேறலேன்னா?"

"மாத்துவாங்க." அவன் ஈரக்கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்களும் என்கூடவே வந்துடுங்க... குழாய் இல்லாத ஊரா இருக்கு?"