மஞ்சள் துணி கட்டிய சர்க்கரை

திருத்தணி ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஏறி நின்றால் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஓடும். காசு போட்டால் 'டொக்' என்று ஒரு சின்ன அட்டை விழும். அதன் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம்.

தங்கவேல் அதில் ஏறி, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா நைனா, மூச்சைப் புடிச்சிகினு நிக்கிற?" என்று கேட்டாள் அவர் மகள் அபி.

"எடை கொறைச்சலா காட்டும், கண்ணு."

"காத்துக்கும் கனம் உண்டுன்னு எங்க டீச்சர் சொன்னாங்க. அப்பிடின்னா வெளியில இல்ல விடணும்?"

தங்கவேல் அவசரமாக மூச்சை வெளியே விட்டார். அதற்குள் அட்டை விழுந்துவிட்டது. போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூடியிருந்தது.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். 'உங்கள் உழைப்புக்கு நல்ல பலன் கிடைக்கும்' என்று அச்சிட்டிருந்தது.

"ஜோசியம் நல்லாத்தான் கீது. மெஷின்தான் கெட்டுப்போச்சு" என்றார்.

வேறு நாளாக இருந்தால் அபி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

காரணம் காவடி. அபி சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடுமையான காய்ச்சலில் படுத்துவிட்டாள். "குழந்தை பொழைச்சா மூணு வருசம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கறேன்" என்று தங்கவேல் தணிகை முருகனிடம் வேண்டிக்கொண்டார். இரண்டு காவடி முடிந்துவிட்டது. இரண்டாவது காவடியின்போது பாதி மலையில் மூச்சு வாங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் விசிறினார்கள்.

டாக்டர் வசந்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எடையைக் குறைங்க. ஆடிக்குள்ள குறையலைன்னா காவடி தூக்கிகிட்டுப் படி ஏறக் கூடாது."

ஆடிக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. தனக்காக எடுக்கும் காவடி, தன் அப்பாவால் முடியாமல் போய்விடுமோ? அபியின் கவலை இதுதான்.

தங்கவேல் லாரி ஓட்டுகிறவர். கே.ஜி.கண்டிகையைச் சுற்றியுள்ள வயல்களிலிருந்து கரும்பை ஏற்றிக்கொண்டு சர்க்கரை ஆலைக்குப் போவார். நாளெல்லாம் உட்கார்ந்தே செய்கிற வேலை. டாக்டர் சொன்னதைக் கேள்விப்பட்டதும், சென்னையில் பெரிய கடை ஒன்றில் வேலை செய்யும் பரந்தாமன் மாமா ஒரு பெட்டி நிறைய டின்களோடு வந்து இறங்கினார். அவர் அபியின் அம்மா மணியம்மையின் தம்பி.

"பாவா, இது டயட் டிரிங்க். மத்த கூல்டிரிங்ஸ்ல எட்டு ஸ்பூன் சக்கரை போடுவான். இதுல ஒரு ஸ்பூன்கூட இல்ல. ஆனா சும்மா தித்திப்பா இருக்கும்!"

"சக்கரை இல்லாம எப்பிடிடா தித்திக்கும்?" என்று மணியம்மை சந்தேகமாகக் கேட்டாள்.

"அதுக்குன்னு தனியா ஒரு இனிப்பு கண்டுபுடிச்சிக்கறாங்க அக்கா."

தங்கவேலுக்கு டின் பிடித்துப்போனது. திறக்கும்போது வரும் 'புஸ்' சத்தம் அதைவிடப் பிடித்துப்போனது. "ஊருக்கே சக்கரைக்குக் கரும்பு ஏத்தறவரு, சக்கரையில்லாத டிரிங்க் குடிக்கிறாரு பாரு" என்று மற்ற லாரிக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கிருத்திகை விரதத்தன்றுகூட, "இதுலதான் ஒண்ணுமே இல்லியே, தண்ணி மாதிரி" என்று சொல்லி ஒரு டின்னை உடைத்தார்.

ஒரு மாதம் கழித்து இன்று பார்த்தால், எடை கூடியிருக்கிறது!

வீட்டில் சண்டை ஆரம்பித்தது.

"அந்த டின்னுதான் உங்கள குண்டாக்குது" என்றாள் மணியம்மை.

"சக்கரையே இல்லாத தண்ணி எப்பிடி குண்டாக்கும்? நாயமா பேசு!"

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அபியே கேட்டுவிட்டாள். "டாக்டர், அந்த டின்னு குடிச்சா குண்டாவாங்களா?"

டாக்டர் வசந்தி சிரித்தார். "நல்ல கேள்வி. பெரிய பெரிய டாக்டர்களே இன்னும் இதைப் பத்தி விவாதம் பண்ணிகிட்டுதான் இருக்காங்க. சிலர் ஆமாங்கறாங்க, சிலர் இல்லைங்கறாங்க. முடிவா யாருக்கும் தெரியலை."

டாக்டருக்கே தெரியாத விஷயமும் உண்டு என்பது அபிக்கு ஆச்சரியமாக இருந்தது. சரி, உலகத்துக்கெல்லாம் தெரியாவிட்டால் போகட்டும். நைனாவுக்கு எப்படி எடை கூடுகிறது என்று நாமே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது, சிங்காரத்தின் டீக்கடை வாசலில் அப்பாவின் லாரி நின்றிருந்தது. அபி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

'புஸ்.' டின் திறந்தது. இரண்டு மடக்கு உள்ளே போனது.

"சிங்காரம், ரெண்டு போண்டா குடுப்பா."

"டாக்டரம்மா வேணாம்னாங்களே அண்ணே?" என்றார் சிங்காரம்.

"எட்டு ஸ்பூன் சக்கரையை மிச்சம் பண்ணிக்கறேன் இல்ல? அந்தக் கணக்குல ரெண்டு போண்டா!"

இரண்டு போண்டா மூன்றானது. ராத்திரி வீட்டில் இன்னொரு டின். "மிச்சம் பண்ண கணக்குல" சோற்றில் இன்னொரு கரண்டி, அதன்மேல் இன்னும் கொஞ்சம் நெய். டின் ஒருநாளும் தனியாக வரவில்லை. யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வந்தது.

அபிக்கு விஷயம் பிடிபட்டது. ஆனால் அப்பாவிடம் எடுத்த எடுப்பில் "நீ நிறைய தின்னுற நைனா" என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஊரே சொல்லிக் கிண்டல் செய்கிறது. அவளுமா?

அவள் ஒரு காலி கண்ணாடிப் பாட்டிலைக் கழுவித் துடைத்து வைத்தாள். தங்கவேல் டின்னைத் திறந்ததும், சர்க்கரை டப்பாவிலிருந்து எட்டு ஸ்பூன் எடுத்துப் பாட்டிலில் போட்டாள்.

"ரேசன் சக்கரைடி அது! வெளாட்டுக்கு எடுக்கறியா?" என்று மணியம்மை அதட்டினாள்.

"வெளாட்டு இல்லமா. நைனா மிச்சம் பண்ற சக்கரையைச் சேத்து வெக்கிறேன்."

தங்கவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆங்! அப்பிடிச் சொல்லு என் தங்கம்!"

அன்று ராத்திரி அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டார். அபி எழுந்து போய்ப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் சர்க்கரையை எடுத்து டப்பாவில் திரும்பப் போட்டாள். நெய் கேட்டார். மறுபடியும் எடுத்துப் போட்டாள். போண்டா தின்ற செய்தி டீக்கடையிலிருந்து வந்தது. அதற்கும் எடுத்தாள்.

வாரக் கடைசியில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அடியில் ஓர் எறும்பு மட்டும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"இன்னா கண்ணு, காலியா கீது? எங்க போச்சு என் மிச்சமெல்லாம்?"

அபி ஒற்றை விரலால் அவர் தொப்பையை மெல்லத் தொட்டாள்.

மணியம்மை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கவேலும் தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து போண்டாவே கெடையாது" என்றார்.

மறுநாள் போண்டா சாப்பிட்டார். பாவம், அவரும் என்ன செய்வார்? சிங்காரம் எண்ணெயில் மாவைப் போடும்போது எழும் வாசனை தெருமுனைவரை வந்து கையைப் பிடித்து இழுக்கும்.

அபிக்கு அழுகை முட்டியது. சாமி அலமாரி முன்னால் போய் நின்றாள். முருகன் படத்துக்குப் பக்கத்தில் வேண்டுதல் உண்டியல் இருந்தது. வாயில் மஞ்சள் துணி கட்டிய மண் உண்டியல். அந்த வீட்டில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதில் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள். மஞ்சள் துணி கட்டியாகிவிட்டால் அது சாமியுடையது. ஒருமுறை பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாதபோது, அப்பா திருத்தணிக்கு நடந்தே போனார். உண்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவிடம் போய், "ஒரு துண்டு மஞ்சத்துணி குடுமா" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் தங்கவேல் வீட்டுக்கு வந்தபோது, சாமி அலமாரியில் அந்தக் கண்ணாடிப் பாட்டில் இருந்தது. வாயில் மஞ்சள் துணி. நடுவில் சர்க்கரை போட மட்டும் சின்ன ஓட்டை. நெற்றியில் குங்குமப் பொட்டு.

"இன்னாது இது?"

"உன் மிச்சம்தான் நைனா. இனிமே முருகனுக்கு. உள்ள போடலாம், எடுக்கக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக்காரங்களுக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் கலக்கிக் குடுக்கலாம்."

தங்கவேல் பாட்டிலைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் டீக்கடையில் சிங்காரம் வழக்கம்போல் காகிதத்தில் இரண்டு போண்டாவை வைத்து நீட்டினார். தங்கவேலின் கை பாதிவரை போய் நின்றது.

"இன்னா அண்ணே, சூடா கீதுன்னு பாக்கறீங்களா?"

"வேணாம்பா. அது சாமி கணக்கு" என்றார் தங்கவேல், பெரிய பெருமூச்சோடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அபி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்க அவளுக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. இருவரும் லாரியை அங்கேயே விட்டுவிட்டு ஏரிக்கரைவரை நடந்துவிட்டு வந்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது.

கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. தங்கவேல் பாதி டின்னைக் கீழே வைத்துவிட்டு, "போண்டா இல்லாம இது நல்லாவே இல்ல. குடிச்சதும் பசி வேற கிள்ளுது" என்றார். மீதியிருந்த டின்கள் கட்டிலுக்கு அடியில் தூங்கின. சர்க்கரைப் பாட்டிலுக்கு மட்டும் ஓய்வில்லை. டின்னுக்குப் பதிலாக, வேண்டாமென்று தள்ளிய ஒவ்வொரு போண்டாவுக்கும் சர்க்கரை விழுந்தது.

ரயில் நிலைய இயந்திரத்தில் மறுபடி அட்டை விழுந்தபோது, தங்கவேல் அதை இரண்டு முறை படித்தார். "மெஷினை ரிப்பேர் பண்ணிட்டாங்க போல" என்றார். டாக்டர் வசந்தியும் படி ஏறலாம் என்று சொல்லிவிட்டார். "மெதுவா ஏறணும்" என்று மூன்று முறை சொன்னார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலை முழுக்க மஞ்சள் உடை, பூக்காவடி, "அரோகரா" முழக்கம். தங்கவேல் காவடியைத் தோளில் வைத்து ஏற, அபி பக்கத்திலேயே ஏறினாள். போன வருடம் உட்கார்ந்த படி வந்தது. அபி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். தங்கவேல் நின்றார். இரண்டு முறை நன்றாக மூச்சு இழுத்து விட்டார்.

"காத்தை வெளியில விட்டுட்டேன் கண்ணு. இப்ப கனம் கொறைஞ்சிருக்கும்" என்று கண்ணடித்துவிட்டு, மேலே ஏறினார்.

தரிசனம் முடிந்து இறங்கி வந்தபோது, அடிவாரத்தில் மணியம்மை பெரிய அண்டா நிறைய எலுமிச்சம்பழ ஜூஸ் கலந்து காவடிக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து வந்திருந்த பரந்தாமன் மாமா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்ப என் டின்னுதான் தப்பா அபி?" என்று அவர் பாவமாகக் கேட்டார்.

"அது டாக்டருங்களுக்கே தெரியாதாம் மாமா. கூட வந்த போண்டாவைத்தான் நான் புடிச்சேன்."

அபி ஒரு டம்ளர் ஜூஸை அப்பாவிடம் நீட்டினாள். அவர் தயங்கினார்.

"இதுல சக்கரை கீதே கண்ணு?"

"எல்லாம் உன் சக்கரைதான் நைனா."

தங்கவேல் பாதி குடித்துவிட்டு டம்ளரை அவளிடம் நீட்டினார். "இந்தா, உன் நைனாவோட மிச்சம்."

அபி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். மிச்சம் நிஜமாகவே இருந்தது. ஒரே மூச்சில் குடித்தாள். தித்தித்தது.