பதின்மூன்று பெயர்களும் கிழிந்த ஒரு மூலையும்

கலகம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. அது கிளப்பிவிட்ட சந்தேகம்தான் புதன்கிழமை வரை முடிந்தபாடில்லை. மணிலாவில் ஒரு அமைச்சர் கொடுத்த காபியை இன்னொரு அமைச்சர் தொடுவதில்லை. ஆளுக்கொரு பிளாஸ்க்குடன் அலைந்தார்கள். மந்திரிசபைக் கூட்டத்தில் கதவோர நாற்காலிக்கு அடிதடி நடக்காத குறை.

அந்தப் புதன்கிழமை காலையில்தான் விவசாய அமைச்சர் பெர்பெதுவா கட்டிக்பாக் அம்மாள், ஓய்வுபெற்ற போலீஸ் மேஜர் எலூதேரியோ மக்பனுவாவின் வீட்டுக்கு வந்தார். மேஜர் பூண்டுச் சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்காகவும் கருவாட்டைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவர். அவருடைய உதவியாளர் சார்ஜண்ட் லிகாயாவோ, வந்தவர் உட்காரும் முன்பே துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு என்னைக் கைது பண்ணப் போறாங்க, மேஜர்," என்றார் அமைச்சர். "நான் என்ன பண்ணினேன்னு எனக்கே தெரியல."

விஷயம் இதுதான். கலகத்தை நடத்திய கேப்டன் ஆர்செனியோ மகராயெக் பிடிபட்டபோது, பாதுகாப்பு ஆலோசகர் விர்ஜிலியோ கப்புலோங் தாமே அவன் சட்டைப்பையைச் சோதித்து ஒரு காகிதத்தை எடுத்திருந்தார். அதில் அமைச்சர்களும் செனட்டர்களுமாகப் பதின்மூன்று பெயர்கள் இருந்தன. அடியில் 'ஞாயிறு, காலை பத்து, வெள்ளை' என்று எழுதியிருந்தது. வருகிற ஞாயிறு இரண்டாவது கலகம் நடக்கும், வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு வருவார்கள், இந்தப் பதின்மூன்று பேரும்தான் அவர்களுடைய புதிய அரசு என்று கப்புலோங் விளக்கம் சொன்னார். ஜனாதிபதியும் நம்பிவிட்டார்.

பட்டியலில் பெயர் இருந்தவர்கள் நடுங்கினார்கள் என்றால், இல்லாதவர்கள் கொதித்தார்கள். ஒரு கலகத்துக்குக்கூட லாயக்கில்லாதவனாகப் போய்விட்டேனா என்று ஒரு செனட்டர் மனைவியிடம் இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். கப்புலோங் ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார். தம் பெயர் அதில் இல்லை, அந்தக் கேப்டனைத் தாம் முன்பின் பார்த்ததுகூட இல்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார்.

மேஜர் கையைக் கழுவிவிட்டு, அமைச்சர் கொண்டுவந்த நகலை வாங்கிப் பார்த்தார். இடப்பக்கம் ஆறு ஆண்கள், வலப்பக்கம் ஏழு பெண்கள். இடப்பக்கத்து மேல்மூலை கிழிந்திருந்தது. நகலில் அந்த இடம் கறுப்பாக விழுந்திருந்தது. அமைச்சரின் பெயருக்கு நேர் எதிரே செனட்டர் திமாகிபாவின் பெயர் இருந்தது. அவரோடு எப்படிப் பழக்கம் என்று மேஜர் கேட்டதற்கு, அந்த ஆள் உட்கார்ந்த அறையில் தாம் பதினோரு வருஷமாகக் காலெடுத்து வைத்ததில்லை என்றார் அமைச்சர்.

மேஜர் அன்றைய பேப்பரைப் புரட்டினார். முதல் பக்கத்தில், சிறைவாசலில் கைக்குழந்தையோடு நின்ற கேப்டனின் மனைவியின் படம். அவர் லிகாயாவைக் கூப்பிட்டு, காதோடு இரண்டு வேலைகள் சொன்னார். அவள் துப்பாக்கியோடு பாய்ந்தாள்.

"அதை வச்சுட்டுப் போம்மா. போற வழியில ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கோ," என்றார் மேஜர்.

மூன்றரை மணிக்கு அரண்மனைக் கூடத்தில் எல்லோரும் பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கதவருகே காவலர்கள் விலங்குகளோடு நின்றார்கள். மேஜர் ஜனாதிபதிக்கு வணக்கம் சொல்லிவிட்டு நிதானமாக ஆரம்பித்தார்.

"ஐயா, இதுல ஏழு பொம்பளைங்க பேர் இருக்கு. நம்ம ராணுவத்துக்காரன் அமைக்கிற ஆட்சியில ஏழு பொம்பளைங்களுக்கு நாற்காலி கொடுப்பானா? கட்டிக்பாக் அம்மாவையும் திமாகிபாவையும் பக்கத்துப் பக்கத்துல உட்கார வச்சா, அந்த ஆட்சி மதியம் வரைக்கும் தாங்குமா?"

தாங்காது என்பதை அந்த இருவருமே தலையாட்டி ஒப்புக்கொண்டார்கள்.

"ஆணும் பெண்ணுமா எதிர் எதிரே பேர். ஞாயித்துக்கிழமை பத்து மணி. வெள்ளை உடுப்பு. வீட்ல கைக்குழந்தை. நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் என்ன பேருங்க, ஐயா?"

"ஞானஸ்நானம்," என்று ஜனாதிபதி முணுமுணுத்தார்.

கூடத்தில் பெருமூச்சு கிளம்பியது. ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு இங்கே எத்தனை ஜோடி ஞானப்பெற்றோரையும் நிறுத்தலாம். ஞானத்தாயாகவோ ஞானத்தகப்பனாகவோ இருக்கக் கேட்டால் யாரும் மறுக்க முடியாது. மறுத்தால் குழந்தைக்கு ஆகாது. அரசியல்வாதிக்கு ஓட்டும் போய்விடும். அதனால் கடிதம் வந்ததும் அலுவலகமே சம்மதம் எழுதி, கடிதத்தை மேசை இழுப்பறையில் தள்ளிவிடும். பெர்பெதுவாவுக்கு நானூறு ஞானப்பிள்ளைகள். முகம் தெரிந்தது ஐந்தோ ஆறோ. லிகாயா மூன்று அலுவலக இழுப்பறைகளிலிருந்து தேடி எடுத்த கேப்டனின் கடிதங்களை மேசைமேல் வைத்தாள்.

முதலில் கைதட்டியவர் கப்புலோங்தான். தாம் அவசரப்பட்டுவிட்டதாகப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

"இன்னும் முடியலைங்க," என்றார் மேஜர். "ஏழு ஞானத்தாய்க்கு ஆறு ஞானத்தகப்பன். முதல் ஜோடியில ஒருத்தர் குறையுறார். மூலை கிழிஞ்சிருக்கிறதும் அங்கதான். கேப்டன் சம்சாரத்துக்கிட்ட இன்னொரு பிரதி இருக்கு. லிகாயா, படிம்மா."

"விர்ஜிலியோ கப்புலோங்," என்று லிகாயா படித்தாள். கேப்டனின் கல்யாணத்துக்கும் அவர்தான் சாட்சி நின்றார் என்றும், குழந்தைக்குத் தொட்டில் வாங்கித் தந்ததும் அவர்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். பிஸ்கட் நன்றாகவே வேலை செய்திருந்தது.

கப்புலோங் நாற்காலியை விட்டு எழுந்தார். "சரி, இருந்துச்சு. ஞானத்தகப்பனா இருக்கிறது ஒரு குத்தமா?"

"இல்லையே. குத்தமில்லாத பட்டியல்ல இருந்து உங்க பேரை எதுக்குக் கிழிச்சீங்க? கிழிச்சவருக்கு இது என்ன பட்டியல்னு தெரியும். மத்த பதிமூணு பேரும் ஒண்ணும் பண்ணலைன்னும் தெரியும். தெரிஞ்சும் அவங்களை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தீங்க. அவனைப் பார்த்ததே இல்லைன்னு புளுகினீங்க. கேப்டனுக்குப் பின்னால நின்ன பெரிய ஆள் நீங்கதான்னு யாருக்கும் தெரியக்கூடாது, அதானே?"

கப்புலோங் தம் பிளாஸ்க்கைத் திறந்தார். அது காலியாக இருந்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்க்குகள் இருந்தும் ஒருவரும் நீட்டவில்லை. நாலு மணிக்குத் தயாராக இருந்த விலங்குகளில் ஒன்று அவருக்குப் போயிற்று.

பெர்பெதுவா எழுந்து கைப்பையை எடுத்தார். ஜனாதிபதி அவரை நிறுத்தினார். இது ஞானஸ்நானப் பட்டியல்தான் என்று ஊர் நம்ப வேண்டுமானால், பதின்மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்தி மாதா கோவிலில் நிற்க வேண்டும், வராதவரைச் சந்தேகப்படுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

பதின்மூன்று பேரும் வந்தார்கள். பத்து மணி என்றால் பத்து மணிக்கே வந்தார்கள். கப்புலோங்கின் இடம் காலியாக நின்றதால் கேப்டனின் மனைவி மேஜரைக் கேட்டாள். அவராலும் மறுக்க முடியவில்லை. விலங்கோடு கூட்டிவரப்பட்ட கேப்டன் ஒவ்வொருவரையும் 'கும்பாரே' என்றும் 'கும்மாரே' என்றும் வாய் நிறையக் கூப்பிட்டான். ஞானப்பெற்றோர் ஆனவர்கள் குழந்தையின் அப்பனுக்கு அந்த நிமிஷம் முதல் சொந்தம். உடன்பிறந்தவனைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், கும்பாரேயை விட்டுக்கொடுத்தால் ஊர் காறித் துப்பும்.

திங்கட்கிழமை காலை பெர்பெதுவா ஜனாதிபதியின் அறையில் நின்றார். கேப்டனை மன்னித்துவிட வேண்டுமென்று கேட்டார்.

"அவனைச் சுட்டுத் தள்ளணும்னு ரேடியோவுல பேசினது நீங்கதானே?"

"அது போன திங்கக்கிழமை, ஐயா. அப்ப அவன் யாரோ. இப்ப என் பிள்ளையோட அப்பன். நான் என்ன பண்ணட்டும்?"

ஜனாதிபதி பேனாவை மூடி வைத்தார். பிறகு, வெளியே வேறு யாராவது காத்திருக்கிறார்களா என்று உதவியாளரைக் கேட்டார். பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்பதாகப் பதில் வந்தது. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் பின்னால், பதின்மூன்றாவதாக, மேஜர் மக்பனுவாவும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.