செல்வனுக்கு வைத்த கீரை

தட்டு காலியாக இருந்தது.

குமுதா கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். நேற்று மத்தியானம் வைத்துவிட்டுப் போன கீரையில் ஒரு காம்புகூட மிச்சமில்லை. எலியாத்தான் இருக்கும், வேறென்ன, என்று சொல்லிக்கொண்டாள். சாப்பிடுவதற்கு அந்த வீட்டில் எதுவும் உயிரோடு இல்லையே.

பக்கத்து வீட்டுப் புஷ்பராணி டீச்சர் மெல்பர்னில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய்ப் பத்து நாள் ஆகிறது. மகன் வளர்த்து விட்டுப்போன இகுவானாவைக் குமுதாவிடம்தான் ஒப்படைத்தார். குமுதாவுக்கு அது உடும்பு. டீச்சருக்கு அது செல்வன். அவன் வாய் வைத்துவிடக் கூடாதென்று மணி பிளாண்ட், குரோட்டன் எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, ஹாலில் செம்பருத்தித் தொட்டிகளை மட்டும் விட்டிருந்தார். எதைக் கொடுக்கலாம், எதைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதியும் கொடுத்தார்.

"வாசிச்சா விளங்கும்தானே, குமுதா?"

"விளங்கும் டீச்சர்."

விளங்காது என்று சொல்ல நாக்கு எழவில்லை. சுங்காய் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் என்று இந்தச் சிலிபின் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. அந்தத் தாளை மடித்துச் சாமி மேடைக்குக் கீழே செருகியதோடு சரி.

போன வெள்ளிக்கிழமை, காளியம்மன் கோயிலில் கொடுத்த மாலை வாடிப்போயிருந்தது. சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையில் போடலாமா? மாடு இருந்தால் கொடுக்கலாம், சிலிபினில் மாட்டுக்கு எங்கே போக? உடும்புதான் செம்பருத்தியை அப்படி ஆசையாகத் தின்கிறதே, இதையும் தின்னட்டும் என்று நினைத்தாள். செவ்வரளி மாலை. அரளி விதை விஷம் என்று தெரியாத தோட்டத்து ஆள் உண்டா! விதைதானே, சாமி கழுத்தில் கிடந்த பூ என்ன செய்துவிடும் என்று உதிர்த்துத் தட்டில் போட்டாள். அது அவள் கையைப் பார்த்துக்கொண்டே தின்றது.

சனிக்கிழமை காலை அது விறைத்துக் கிடந்தது. குமுதாவுக்கு அழுகை வரவில்லை. டீச்சர் முகம்தான் வந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். வாடின பூவைப் போட மனசு வராத தொட்டியில்! லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்வரை ஜன்னலோரம் நின்றாள். சீ, நானும் ஒரு மனுஷியா என்று அவளுக்கே கூசியது. சாயங்காலம் டீச்சர் போன் செய்தபோது, "நல்லா இருக்கான் டீச்சர், இப்பதான் சாப்பிட்டான். கவலப்படாதீங்க லா," என்றாள்.

அப்புறம் தினமும் கீரைத் தட்டோடு போய்வர வேண்டியதாயிற்று. எதிர்வீட்டுச் சரளா அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்; ஒரு நாள் போகாவிட்டாலும் டீச்சர் காதுக்குப் போய்விடும்.

காலித் தட்டைப் பார்த்து அவள் நின்றிருக்கும்போதே வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டுகிற இரைச்சலுக்கு அடியில், ஹாலின் அந்தப் பக்கத்திலிருந்து, ஈரத் துணியும் பழைய மீனும் சேர்ந்தாற்போல ஒரு வாடை மெதுவாக வந்து அவள் மூக்கில் ஏறியது. சனிக்கிழமையே அவள் அணைத்துவிட்ட சூட்டு விளக்கு செல்வனின் கூண்டுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அடியிலிருந்த மரக்கிளையைத் தொட்டாள். சூடு. ஆனால் நடுவில், ஒரு முழ நீளத்துக்கு, ஜில்லென்று இருந்தது. எதுவோ இவ்வளவு நேரம் படுத்திருந்த இடம்.

செம்பருத்தி அசைந்தது. காற்று இல்லை.

டைல்ஸ் தரையில் நகம் உரசியது. நின்றது. மறுபடி உரசியது. சோபாவுக்குப் பின்னால்.

போன் அலறியது. டீச்சர். வீடியோ கால்.

போதும். இனி முடியாது. சொல்லித் தொலைத்துவிடலாம்.

"டீச்சர், மன்னிச்சிருங்க," என்று அழுதுகொண்டே ஆரம்பித்தாள். "உங்க செல்வன் செத்துட்டான். நான்தான் அரளிப் பூவைப் போட்டுக் கொன்னுட்டேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது டீச்சர். வெட்கமா இருந்துச்சு, சொல்லல. குப்பையில போட்டுட்டேன்."

டீச்சர் கொஞ்ச நேரம் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர், குமுதா? அவன் உம்மட தோளிலதானே இருக்கிறான்."

முதுகில் பாரம் ஏறியது.

"இல்ல டீச்சர். நான் கொன்னுட்டேன். நம்புங்க."

"கண்ணா, என்ன வடிவா வளர்ந்திட்டாய்! குமுதா அக்காவுக்கு ஒரு முத்தம் குடு."

குமுதா திரும்பவில்லை. போன் மூலையில் தன் முகம் தெரிந்த சின்னக் கட்டத்தையும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாயையும்.

ஜில்லென்ற நகங்கள் கன்னத்தில் ஊர்ந்து வந்து, அவள் கீழுதட்டைப் பற்றி, மெல்லத் திறந்தன.