ஓடாத எலிகள்

மங்களாம்பிகை உள்ளே வந்தபோது கூடத்து எலிகள் ஓடவில்லை. அடைமழை, அந்தி இருட்டு, கரண்டும் இல்லை; வயலில் தண்ணீர் ஏறினால் எலி வீடேறுவது தஞ்சாவூர்ப் பக்கம் புதிதல்ல. ஆனால் ஆள் அரவம் கேட்டும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து மீசை துடைக்கும் எலியை அவள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில்தான் பார்த்திருக்கிறாள். பயம் போக்கும் மாத்திரை கொடுத்தால் இளம் எலிகள் இப்படித்தான் மறைவை விட்டு வெளிச்சத்துக்கு வரும். கிழ எலிகள் அதே மருந்துக்கு மூலையில் சத்தமில்லாமல் கிடக்கும். அவற்றுக்கும் பயம் தெளிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அந்த நம்பிக்கையில்தான் அப்பாவுக்கும் கொடுத்தாள். நில உச்சவரம்புத் தகராறில் களத்து வைக்கோல் போர் எரிந்ததிலிருந்து அப்பா தியாகேசனுக்குத் தூக்கமில்லை. நெல் அறைக்குள் ஒடுங்கிக்கொண்டு, "வர்றாங்கம்மா, கதவச் சாத்து" என்று அரற்றுவார். தினமும் கொடுத்த மாத்திரை கேட்கவே இல்லை. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. இன்று காலையில் இரண்டு மடங்காகக் கஞ்சியில் கரைத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

கொல்லைப் பக்கம் வேலைக்காரி காத்தாயி கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அய்யா இன்னிக்கு சத்தமே போடலம்மா. நல்லாத் தூங்குறாருங்க."

அப்பாடா என்றிருந்தது. பெற்ற அப்பாவைப் பழையபடி பார்த்துவிடலாம் என்று அழுகையே வந்தது. காத்தாயி போனதும் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு நெல் அறைக்குள் போனாள்.

ஈர நெல்லின் புழுங்கல் வாடை, அதற்குள் எலி மூத்திர நெடி, குதிருக்கு அடியில் நிற்காத கொறிப்புச் சத்தம். விளக்கைத் தாழ்த்தினாள். சிந்திய நெல்லில் வெள்ளையாக என்னவோ. மாத்திரைகள். ஊறி, பாதி கொறிக்கப்பட்டவை. இத்தனை நாளும் அவர் விழுங்கவில்லை, துப்பியிருக்கிறார்.

அப்படியென்றால் இன்று குடித்ததுதான் முதல் மருந்து. அதுவும் இரண்டு மடங்கு.

"அப்பா?"

மூலையில் முழங்கால் மடங்கிச் சரிந்து கிடந்தார். தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. இமை மூடவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. உதடு அசையவில்லை.

கிழ எலிகள். அவற்றுக்கும் பயம் போயிருக்கவில்லை. ஓட முடியாமல் போயிருந்தது.

அப்பாவின் தோளில் ஓர் எலி. மடியில் இரண்டு. காது மடலில் ரத்தம்.

கையால் தட்டினாள். விளக்கை ஓங்கினாள். ஓடவில்லை. அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி கடித்தன.

அப்பாவின் கண் அசைந்தது. அவளைத் தாண்டி, அவள் சாத்தாமல் வந்த கதவுக்குப் போய் நின்றது.

பின்னால் ஈரத் தரையில், அவசரமே இல்லாமல், சின்னச் சின்னக் காலடிகள் வந்துகொண்டிருந்தன.